சைதூன் கேட்ட மைக் செட்

மதுரைக்குப் போய்ப் புது மைக் செட் வாங்குவது என்று ஜெகபர் அலியும் அவன் மனைவி சைதூனும் பேசி வைத்து ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. அவனிடம் அதுவரை இருந்தது யாரோ வேண்டாமென்று தள்ளிவிட்ட பழைய செட். கரண்டு இருக்கிற இடத்தில்தான் பாடும். அதை வைத்துத் திண்டுக்கல் டவுனுக்குள் கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று ஓட்டிக்கொண்டிருந்தான். டவுனைத் தாண்டினால் பாதி ஊர்களுக்குக் கரண்டுக் கம்பம்கூட வராத காலம் அது. அந்த ஊர்க்காரர்கள் அவன் இருந்த பேகம்பூருக்குத் தேடி வந்து, "பாய், எங்க ஊர்க் கோயில் கும்புடுக்கு ரேடியோ கட்டணும்" என்று கேட்கும்போதெல்லாம் முத்துச்சாமியின் கடையைக் கைகாட்டி அனுப்பிவிடுவான். முத்துச்சாமியிடம் பேட்டரியில் ஓடுகிற செட் இருந்தது.

சைதூனுக்கு அது பொறுக்காது. "வீடு தேடி வர்றவுகள எல்லாம் நீங்களே அங்க அனுப்பி வையிங்க மச்சான்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அவள் அவனுக்குத் தாய்மாமன் மகள். கல்யாணமாகி ஒரு குழந்தை பிறந்து தங்கவில்லை. அதற்குப் பிறகு அவள் மனசெல்லாம் கிராமபோன் பிளேட்டுகளின் மேல் திரும்பியது. பாட்டுப் பிளேட்டுகள் முழுக்க அவள் பொறுப்பு. எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் பொழுது போய்விடும் அவளுக்கு. ஆனால் நடுவில் ஒட்டியிருக்கிற காகிதத்தின் நிறத்தையும் விளிம்பில் விழுந்த கீறலையும் பார்த்தே இது இன்ன பாட்டு என்று சொல்லிவிடுவாள். பழைய வேட்டித் துணியால் ஒவ்வொன்றையும் துடைத்து, பெட்டியில் அடுக்கிக் கொடுப்பாள். மாரியம்மன் திருவிழா என்றால் எது முதலில், பெண் அழைப்பு என்றால் எது, தாலி கட்டும்போது எது என்று வரிசை வைத்திருப்பாள். அவன் அந்த வரிசையைத் தெரிந்து மாற்றியதே இல்லை. மாற்றிப் போட்டால் கூட்டம் எழுந்து போய்விடும் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை.

அந்த வருஷம் ஐப்பசி மாசத்திலிருந்து சைதூனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. குழாயடியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் தூக்கி வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்தாள். சாயங்காலமானால் பாதம் வீங்கியது. உள்ளூர் டாக்டர் பார்த்துவிட்டு மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

"நல்லதாப் போச்சு. ஆஸ்பத்திரிக்கும் போயிட்டு அப்படியே செட்டையும் பாத்து எடுத்துட்டு வந்துருவோம்" என்றாள் சைதூன். வியாதி பார்க்கப் போகிறவள் மாதிரியே இல்லை. பஸ்ஸில் வாடிப்பட்டி தாண்டும் வரைக்கும் செட்டைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் அவளைப் படம் எடுத்து, நெஞ்சிலும் முதுகிலும் குழாய் வைத்துக் கேட்டு, வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். டாக்டர் ஜெகபரை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"சின்ன வயசுல காய்ச்சலும் மூட்டு வீக்கமுமா படுத்திருக்காங்களா?"

"ஆமாங்கய்யா. எங்க மாமா சொல்லுவாரு."

"அதுல இருதயத்துல இருக்குற வால்வு கெட்டுப்போச்சு. இப்பத்தான் வெளிய காட்டுது."

ஜெகபருக்குத் தெரிந்த வால்வு ஆம்ப்ளிஃபயருக்குள் சிவப்பாக எரிகிற கண்ணாடி வால்வுதான். அது போனால் கழற்றிவிட்டு வேறு மாட்டலாம். அதே நினைப்பில், "வேற போட முடியாதாங்கய்யா?" என்று கேட்டுவிட்டான்.

டாக்டர் சிரிக்கவில்லை. "அந்த வசதியெல்லாம் இங்க இன்னும் வரலப்பா" என்றார். "மாத்திரை தர்றேன். பாரம் தூக்கக் கூடாது. உப்பக் கொறைக்கணும். ஒரு வருஷம் ஓடலாம், கூடவும் ஓடலாம். கிட்ட இருந்து பாத்துக்க."

வெளியே வந்தபோது சைதூன் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்து, "என்னவாம்?" என்றாள்.

"ரத்தம் பத்தலையாம். மாத்திரை குடுத்திருக்காரு. சாப்ட்டா சரியாயிரும்."

"இதச் சொல்லத்தான் இம்புட்டு நேரமா? சரி வாங்க, கடை அடைச்சிரப் போறான்."

டவுன்ஹால் ரோட்டுக் கடையில் அவர்கள் விசாரித்து வைத்திருந்த செட் தயாராக இருந்தது. இரண்டு நீள ஒலிபெருக்கிக் குழாய்கள், வாய் ஒவ்வொன்றும் முறம் அகலம். ஆம்ப்ளிஃபயரை ஒரு ஆள் தனியாகத் தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். பேட்டரியிலும் ஓடும், கரண்டிலும் ஓடும். பக்கத்திலேயே இன்னொரு செட்டும் வைத்திருந்தார்கள். கைப்பிடி வைத்த சின்னப் பெட்டி, குட்டையான ஒற்றைக் குழாய், சின்னப் பேட்டரி. எல்லாம் சேர்த்து ஒரு சைக்கிள் கேரியரில் அடங்கிவிடும்.

கடைக்காரர் குழாய்களைத் தெருப் பக்கம் திருப்பி வைத்து இரண்டையும் பாட விட்டார். சைதூன் தெருவைக் கடந்து எதிர்ச்சாரிக்குப் போய், தலையில் முக்காட்டைச் சரி செய்துகொண்டு நின்று கேட்டாள். சின்னது பாடும்போது ஒரு ஜட்கா வண்டி குறுக்கே போனது. பாட்டு அதோடு போய்விட்டது. பெரியது பாடும்போது இரண்டு வண்டி போயும் ஒரு சொல் விழவில்லை. போகிற ஆள்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். அவள் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

"பெருசுதான் மச்சான். கேட்டீகளா? தொண்டையே பிசிறல."

ஜெகபர் சின்னப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தான். "இது போதும்னு தோணுது" என்றான்.

"எது?"

"இதுதான். சைக்கிள்லயே கொண்டு போயிட்டு வந்துரலாம்."

"விளையாடாதீக. திருவிழாவுக்கு இதையா கட்டுவாக? அம்மன் கோயில் மணிச் சத்தத்துக்கே இது அமுங்கிப் போகும்."

"திருவிழான்னா மூணு நாளு, அஞ்சு நாளு அங்கயே கெடக்கணும். காதுகுத்து, பூப்பு, பந்தல் கல்யாணம்னா காலையில போயிட்டுப் பொழுது சாய வீட்டுக்கு வந்துரலாம்."

"எப்ப இருந்து உங்களுக்குப் பொழுது சாய வீட்டுக்கு வரணும்னு வந்துச்சு?"

அவன் பெட்டியைப் பார்த்துக் குனிந்துகொண்டான். சைதூன் அவன் முகத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு சட்டென்று போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. பிறகு அவள் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். சின்ன செட்டைக் கட்டிக் கொடுத்தார்கள். அவன் அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தான்.

கொடைரோடு வந்து, எதிரே சிறுமலை தெரிய ஆரம்பித்தபோது அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்.

"எம்புட்டு நாள் சொன்னாரு மச்சான்?"

அவன் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். வாயைத் திறந்தால் பஸ்ஸில் இத்தனை பேர் முன்னால் அழுதுவிடுவோம் என்று பயமாக இருந்தது. அவள் அவன் கையின் மேல் தன் கையை வைத்தாள். அதற்கு மேல் கேட்கவில்லை. திண்டுக்கல் வரைக்கும் அந்தக் கையை எடுக்கவும் இல்லை.

அடுத்து வந்த மாசங்களில் ஜெகபர் வீட்டு மனுஷனாகிவிட்டான். காலையில் தண்ணீர் அவன்தான் எடுத்தான். குழாயடியில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்; அவன் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு நேரே நடந்தான். காதுகுத்து வீட்டில் ஒற்றைக் குழாயைக் கட்டி, பிளேட்டுகளை ஓட்டிவிட்டு, பொழுது இறங்குவதற்குள் சைக்கிளை மிதித்து வந்துவிடுவான். வந்ததும் அவள் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பான். அவள் படுத்தால் பக்கத்தில் உட்கார்ந்து நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பான்.

வேலை குறைந்தது. சின்ன செட் பந்தலைத் தாண்டிப் பாடாது என்று ஊர்களில் பேச்சாகிவிட்டது. ஒரு கல்யாண வீட்டில் நாதஸ்வரக்காரர் வந்து உட்கார்ந்ததும் "பாய், அதக் கழட்டிருங்க, கொசு கத்துற மாதிரி இருக்கு" என்று மாப்பிள்ளையின் சித்தப்பா சொன்னார். அதை ஜெகபர் வீட்டில் சொல்லவில்லை. ஆனால் பேகம்பூரில் எந்தப் பேச்சும் ஒரு வீட்டோடு நிற்பதில்லை. அவன் அக்கா ரம்ஜான் பீவி அடுத்த தெருவில் இருந்தாள். அவள் மூலம் சைதூன் காதுக்கு வந்துவிட்டது.

மூன்று நாள் அவனோடு பேசாமல் இருந்தாள். நாலாம் நாள் அவன் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள்.

"நான் மூச்சு விடுறதப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கீகளே, அதுனால ஒரு மூச்சு கூட வருதா?"

"சைதூனு..."

"இருங்க, பேசிக்கிறேன். இப்பத்தான் மூச்சு இருக்கு. நான் இருக்குற வரைக்கும் இந்தக் குட்டிப் பெட்டியத் தூக்கிக்கிட்டு நாலு பேரு சிரிக்கத் திரிவீக. நான் போனப்புறம் உங்களுக்குன்னு ஒண்ணும் இருக்காது. அத நான் படுத்துக்கிட்டே பாக்கணுமா?"

"நான் வெளியூர்ல கெடக்குறப்ப உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"ஆகும்போது நீங்க பக்கத்துல இருந்தாலும் ஆகத்தான் செய்யும்." சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள். குரல் தணிந்தது. "பகல் பூரா ஒத்தையில கெடக்கேன் மச்சான். நீங்க போடுற பாட்டு எனக்குக் கேக்குறதில்ல. அந்தப் பெரிய செட்டுன்னா சுத்துப்பட்டுல எங்க கட்டுனாலும் நம்ம வீட்டு மாடிக்கு வந்துரும். நீங்க இன்ன பாட்டு போடுறீக, அடுத்து பிளேட்டத் திருப்புவீக, ஊசி மாத்துவீகன்னு நெனச்சுக்கிட்டு கெடப்பேன். எனக்கு அது வேணும்."

ஜெகபர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். சாப்பிடவில்லை.

மறுநாள் சின்ன செட்டை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போனான். கடைக்காரர் அதை எடுத்துக்கொண்டு, மிச்சப் பணத்தையும் வாங்கிக்கொண்டு பெரியதைக் கொடுத்தார். லாரியில் ஏற்றி வந்து வாசலில் இறக்கியபோது சைதூன் வாசல்படியில் உட்கார்ந்து, குழாயின் வாய்க்குள் தலையை விட்டுப் பார்த்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகு நாளாயிருந்தது.

செட்டை ஏற்றிப் போக மாட்டு வண்டி வேண்டியிருந்தது. எரியோடு ஊர்க்காரர் சின்னக்கண்ணு வண்டி ஓட்ட ஒத்துக்கொண்டார். அவருக்கு ஐம்பது வயசிருக்கும். மரம் ஏறிக் குழாய் கட்டுவதிலும் கை கொடுப்பார். ஜெகபர் ஒரு நியமம் வைத்துக்கொண்டான். டவுனைச் சுற்றி நாலைந்து மைலுக்குள் இருக்கிற ஊர்களுக்கு மட்டும்தான் ஒத்துக்கொள்வது. இருபது மைல் தள்ளியிருக்கிற ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு பெரிய மண்டிக்காரர் ஆள் அனுப்பினார்; முடியாதென்றதும், "ஏனுங்க, எங்க ஊருன்னா உங்களுக்கு எளக்காரமா போச்சுங்களா?" என்று அந்த ஆள் கோபித்துக்கொண்டு போனான். ஜெகபர் கும்பிட்டு அனுப்பி வைத்தான்.

பங்குனி, சித்திரையில் ஊருக்கு ஊர் அம்மன் கொடைத் திருவிழா. ஊரின் உயரமான மரத்தில் இரண்டு குழாய்களையும் கட்டும்போது, ஒன்றைக் கோயில் பக்கமும் ஒன்றைப் பேகம்பூர் இருக்கும் திக்கிலும் திருப்பச் சொல்வான். "அந்தப் பக்கம் பொட்டக் காடுதானே பாய், அங்க யாரு கேக்கப் போறா?" என்று கேட்பவர்களுக்குச் சின்னக்கண்ணுவே பதில் சொல்லிவிடுவார்: "காத்தோட்டம் பாத்துக் கட்டுறாரு. உங்களுக்கென்ன தெரியும்?"

வீட்டுக்கு வந்தால் சைதூன் ஒவ்வொன்றாகச் சொல்வாள். "நேத்து மத்தியானம் ஒரு பிளேட்டுல ஊசி மாட்டிக்கிட்டு ஒரே வரியச் சொல்லிக்கிட்டு இருந்துச்சே, சாப்பிடப் போயிட்டீகளா?" "காலையில ரெண்டாவதாப் போட வேண்டியத மூணாவதாப் போட்டீக." அவன் வெட்கப்பட்டுக்கொண்டு தலையாட்டுவான். வேலை அவனைத் தேடி வந்தது. முத்துச்சாமியே ஒரு தடவை வழியில் நிறுத்தி, "நல்லாக் கட்டுறீங்க பாய்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த இரண்டு மூன்று மாசம் அவன் சந்தோஷமாகத்தான் இருந்தான். டாக்டர் சொன்னது தப்பாகப் போகும் என்றுகூட நினைக்க ஆரம்பித்திருந்தான்.

ஆனி கடைசியில் வீக்கம் முழங்கால் வரை ஏறியது. படுத்தால் மூச்சு முட்டியது. தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தபடியே தூங்கினாள். மாடிக்கு ஏற முடியவில்லை. ஜெகபர் அவளைத் தூக்கிக்கொண்டு போய் மாடிச் சுவரோரம் உட்கார வைப்பான். தூக்கும்போது அவள் எடை குறைந்துகொண்டே வருவது கைக்குத் தெரிந்தது.

ஆடியில் சீலப்பாடியிலிருந்து ஆண்டிச்சாமி வந்தார். ஊர்ப் பெரியவர். கொடைக்கு ரேடியோ கட்ட வேண்டுமென்றார். ஜெகபர் தயங்கினான்.

"சீலப்பாடி கிழக்க இருக்கு. ஆடியில மேக்காத்து. சத்தம் அங்கிட்டுப் போயிரும், உனக்குக் கேக்காது" என்றான் சைதூனிடம்.

"ரெண்டு மைலு கூட இருக்காது. போயிட்டு வாங்க. கேக்குறப்ப கேக்கட்டும்."

"மனசு சரியில்ல சைதூனு."

"சொன்ன வாக்கு என்னாகுறது? ஊரு பூரா பாய் வர்றாருன்னு சொல்லியிருப்பாக." பெட்டியை இழுத்துவரச் சொன்னாள். தலையணையில் சாய்ந்தபடியே பிளேட்டுகளைத் துடைத்து அடுக்கினாள். பாதியில் கை ஓய்ந்தது. மிச்சத்தை ரம்ஜான் பீவி துடைத்துக் கொடுக்க, அவள் வரிசையை மட்டும் சொன்னாள்.

கொடையின் இரண்டாம் நாள், முற்பகல். பொங்கல் வைக்கப் பெண்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். காற்று புழுதியை வாரி இறைத்தது. வேப்ப மரத்தில் இரண்டு குழாய்களும் முழு மூச்சில் பாடிக்கொண்டிருந்தன. ஜெகபர் மரத்தடியில் பிளேட் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். ரோட்டிலிருந்து ஒரு சைக்கிள் வருவது தெரிந்தது. ரம்ஜான் பீவியின் புருஷன் அப்துல் சுக்கூர். சைக்கிளை நிறுத்தாமல் அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடி வந்து அவன் முன்னால் நின்று என்னவோ சொன்னார்.

குழாய்க்கு அடியில் ஒன்றும் கேட்கவில்லை. அவர் வாய் அசைந்தது. மறுபடி கத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது. ஜெகபர் காதுக்குப் பின்னால் கையை வைத்து, "என்ன?" என்றான். அந்த "என்ன" அவனுக்கே கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தான். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

அவன் ஊசியைத் தூக்கினான். ஊரே சட்டென்று அடங்கியது. மாடுகளின் கழுத்து மணியும், எங்கோ ஒரு குழந்தை அழுவதும் கேட்டன.

"சைதூன் போயிருச்சு மாப்புள" என்றார் அப்துல் சுக்கூர். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்ததால் மெதுவாகத்தான் சொல்ல முடிந்தது.

கோயில் பக்கமிருந்து யாரோ, "ஏ பாய், பாட்டு என்னாச்சு?" என்று குரல் கொடுத்தார்கள். ஜெகபர் ஊசியைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். சின்னக்கண்ணு வந்து அவன் விரலைப் பிரித்து அதை வாங்கி வைத்தார். ஆண்டிச்சாமி ஓடி வந்து விஷயம் கேட்டதும் தலையில் இருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "கெளம்புங்க பாய். செட்டு கெடக்கட்டும், ஊரு பாத்துக்கிரும். கெளம்புங்க" என்றார். அவனைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து அப்துல் சுக்கூர் மிதித்தார். மேல்காற்று முகத்தில் அடித்தது.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்தார்கள். மூன்று பிடி மண்ணைப் போட்டுவிட்டு வந்தவன், வீட்டில் அவள் சாய்ந்து உட்கார்ந்திருந்த தலையணைகள் பக்கத்திலேயே உட்கார்ந்தான். மூன்றாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்து ஆள்கள் போன பிறகுதான் அக்காவிடம் வாய் திறந்தான்.

"சின்ன செட்ட வச்சிருந்தா வீட்ல இருந்திருப்பேன்க்கா."

ரம்ஜான் பீவி பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். "இருந்து?" என்றாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு அவன் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அன்னைக்கிக் காலையில மாடிக்குக் கொண்டு போகச் சொன்னா. நானும் எங்க வீட்டுக்காரரும் தூக்கிக்கிட்டுப் போனோம். செத்த நேரம் காதக் குடுத்துக் கேட்டுக்கிட்டு இருந்தா."

"பாட்டு கேட்டுச்சா?"

அக்கா அவனைப் பார்த்தாள். பொய் சொல்லிவிடலாமா என்று யோசித்தது அவள் முகத்தில் தெரிந்தது.

"கேக்கலடா. எனக்கும் கேக்கல. அவளே சொன்னா, 'இன்னைக்கி காத்து அங்கிட்டு அடிக்குது மதினி, கேக்க மாட்டேங்குது'ன்னு. கீழ கொண்டு போகவான்னு கேட்டேன். 'இருக்கட்டும், அவரு போட்டுக்கிட்டுத்தான் இருப்பாரு'ன்னு சொல்லிக்கிட்டுச் செவுத்துல சாஞ்சா. அதுக்கப்புறம் பேசல."

ஜெகபர் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அப்போதுதான் அழுதான். மூன்று நாளும் வராத அழுகை. அக்கா அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒரு வாரம் கழித்துச் சின்னக்கண்ணு வண்டி கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். "செட்டு அங்கயே கெடக்கு பாய். மழை வந்தாலும் வந்துரும்" என்றார். ஜெகபர் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினான்.

சீலப்பாடியில் பெட்டிகளை ஆண்டிச்சாமியின் வீட்டுக்குள் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார்கள். குழாய்கள் மட்டும் மரத்திலேயே இருந்தன. மிச்சக் கொடையை ரேடியோ இல்லாமலே முடித்துவிட்டதாகவும், பெண்கள் வாய்ப்பாட்டிலேயே கும்மியடித்தார்கள் என்றும் ஆண்டிச்சாமி சொன்னார். அவர் பெண்சாதி பழனியம்மாள் ஒரு செம்பு மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள். "உப்பு போடல, வேணும்னா போட்டுக்கிருங்க" என்றாள். அவன் அப்படியே குடித்தான்.

சின்னக்கண்ணு மரமேறப் போனார். "நீங்க இருங்க, நான் ஏறுறேன்" என்று ஜெகபர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினான். கயிற்று முடிச்சுகள் மழைத்தூறலில் இறுகிப் போயிருந்தன. ஒவ்வொன்றாக நகத்தால் கெல்லி அவிழ்க்க வெகுநேரம் பிடித்தது. இரண்டாவது குழாயை இறக்கும்போது கீழேயிருந்து ஆண்டிச்சாமி அண்ணாந்து பார்த்துக் கேட்டார்.

"பாய், இப்பக் கேக்குறது மொறையில்லதான். ஆவணியில என் தம்பி மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம். வருவீகளா, இல்ல வேற ஆளு பாக்கவா?"

ஜெகபர் குழாயைக் கயிற்றில் மெல்லக் கீழே விட்டான். அது தரையைத் தொட்டுச் சின்னக்கண்ணு கைக்குப் போகும் வரை கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"வாரேன்" என்றான்.